எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது?

அக்காவிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டு நகர முடியாது. "நாளைக்கு கெலமங்கலம் பஸ் ஓடாதாம்க்கா" என்று சொல்லிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்து, சிரிக்காமல் கேட்பார்: "எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

கேன்டீனில் சாம்பாரில் உப்பு அதிகம் என்றாலும் அதே கேள்விதான். புதிதாகச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர், தன் துறைதான் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே முதன்மையானது என்று நூலக வாசலில் நின்று அளந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று. அந்த ஆள் அன்றைக்குப் போனவர்தான், ஒரு மாதம் நூலகம் பக்கமே தலைகாட்டவில்லை. அக்காவுக்கு நக்கல் தெரியாது. நிஜமாகவே பக்கம் தெரிந்தால் போய்ப் பார்க்கலாம் என்றுதான் கேட்பார்.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். தனியார் நடத்துவது. பொறியியல், நர்சிங், பார்மசி எல்லாம் உண்டு. அங்கே நூலகத்தில் நான் பத்திரிகைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை அக்காவுடையது. அவர் ரெஃபரன்ஸ் பிரிவுக்குப் பொறுப்பு. அகராதி, கலைக்களஞ்சியம், கையேடு, வரைபடம் என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டிய புத்தகங்கள். முதுகில் சிவப்பு ஒட்டு இருந்தால் அது துணைவேந்தரே கேட்டாலும் வாசல் தாண்டாது. அக்கா என்று சொல்கிறேனே தவிர, என்னைவிட மிஞ்சிப்போனால் நாலைந்து வயது பெரியவர். ஓசூர்க் குளிருக்குக் கல்யாணப் புடவைக்கு மேலேயும் ஸ்வெட்டர் போடுகிற ஆள். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். அதை மறந்துவிட்டு மேஜையெல்லாம் பென்சில் தேடுவார். நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ரெஃபரன்ஸ் என்பது ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் தாளாளர் அன்பளிப்பாகக் கொடுத்த கலைக்களஞ்சியம், பொன்னிற எழுத்தோடு வரிசையாக. ஆய்வுக்குழு வந்தால் காட்டுவதற்கென்றே வைத்திருந்தது. அக்கா சேர்ந்த வாரமே அலமாரியைத் திறந்து, ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டி, அதில் இருந்த உலகப்படத்தில் இப்போது இல்லாத ஒரு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான். மொத்த வரிசையையும் தரையில் இறக்கினார். நூலகருக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, தாளாளர் குடுத்ததும்மா அது."

"அவரு வீட்டுக்கே குடுத்துடலாம் சார். இந்த நாடே இல்ல இப்ப. இதப் பாத்து ஒரு புள்ள பரிட்சைல எழுதினா யாரு சார் பதில் சொல்றது?"

"அழகா இருக்கும்மா பாக்கறதுக்கு."

"அழகா இருந்தா வரவேற்பறைல வைங்க சார். ரெஃபரன்ஸ்ல வேணாம்."

வரவேற்பறைக்கே போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, மணி பிளான்ட் ஜாடிக்குப் பக்கத்தில்.

காலியான அலமாரியை அவர் அவசரப்பட்டு நிரப்பவில்லை. மாணவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் காது கொடுத்துக் கேட்டார். ஒரே கேள்வியோடு இரண்டு பேர் வந்து பதிலில்லாமல் திரும்பினால், அதற்கொரு புத்தகம் வாங்கியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் பையன்கள் பாதிப் பேர் பகலில் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள். எஃகுக் கம்பிகளின் அளவும் எடையும் போட்ட அட்டவணை கேட்பார்கள், கெமிக்கல் டப்பாவின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வந்து அது என்ன என்று கேட்பார்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கத்து நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து இந்தக் கன்னட வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பார்கள். இப்படித்தான் அந்தப் பிரிவு வளர்ந்தது. முதலில் கிழிந்து தொங்கியது கன்னடம்-தமிழ் அகராதிதான். அடுத்து தெலுங்கு. பைண்டிங் பண்ணிப் பண்ணி அவை உப்பிப்போய் நின்றன. அதைத் தடவிப் பார்த்து அக்கா பூரிப்பார்.

அக்காவுக்கே பதில் தெரிந்த கேள்வியாக இருந்தாலும் வாயால் சொல்ல மாட்டார். எழுந்து போய், புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டுவார். "நான் சொன்னா நாளைக்கு நான் மறந்துடுவேன், நீயும் மறந்துடுவ. இது மறக்காது." எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும். சொல்லித் தொலைத்தால் என்ன, ஆள் பஸ்ஸுக்கு நிற்கிறானே என்று.

புத்தகத்தில் தப்பு இருக்காது என்று நம்புகிற அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. தப்பைக் கண்டால் பதிப்பகத்துக்கு எழுதிப்போடுவார். ஒரு வரைபட நூலில் தேன்கனிக்கோட்டையைக் கொண்டுபோய்க் கர்நாடகத்துக்குள் வைத்திருந்தார்கள். அக்கா எழுதினார். அடுத்த பதிப்பு வந்தபோது தேன்கனிக்கோட்டை பத்திரமாக நம் பக்கம் திரும்பி வந்திருந்தது. அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் செக்யூரிட்டி வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினார். செக்யூரிட்டி தேன்கனிக்கோட்டைக்காரர். "எங்க ஊரு எங்கியும் போவலியேம்மா, அங்கியேதான இருக்குது" என்றார் பாவம்.

அதிலிருந்து அக்காவுக்கு இன்னொரு வாசகம் சேர்ந்துகொண்டது. "அடுத்த பதிப்புல திருத்திடுவாங்க." என் மாமியார் என்னைப் பேசிய பேச்சைச் சொல்லி நான் அழுதபோதும் இதைத்தான் சொன்னார். அழுகையிலேயே சிரித்துவிட்டேன்.

புதுப் பதிப்பு வருகிற நாள் அவருக்குத் தீபாவளி. பழையதையும் புதியதையும் மேஜையில் அக்கம்பக்கமாக விரிப்பார். ஒரே தலைப்பை இரண்டிலும் எடுத்து, இடது கை விரல் பழையதிலும் வலது கை விரல் புதியதிலுமாக வரிவரியாக இறங்குவார். எங்கே மாறியிருக்கிறதோ அங்கே ஒரு விரல் நிற்கும். "பாரு கண்ணு, இங்க மாத்திட்டாங்க." பார்த்து முடித்ததும் பழையதின் முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி அன்றைக்கே அலமாரியைவிட்டு வெளியேற்றிவிடுவார். ஒரு ராத்திரிகூடத் தங்கவிட மாட்டார். பழைய பதிப்பை நம்பி யாராவது ஏமாந்துவிடக் கூடாது. அந்த ஒரு பயம்தான் அவருக்கு.

அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். சாயங்காலம் கேட்டில் ஸ்கூட்டரோடு நிற்பார். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற பட்டறையில் வேலை. தலை, புருவம், சட்டைப் பை என்று கல் தூசி படிந்திருக்கும். ஸ்கூட்டருக்கு என்ன நிறம் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. எல்லைப் பக்கம் பிறந்தவர், பாதி கன்னடம். பஸ் போனாலும், மழையில் நனைந்தாலும், பெட்ரோல் தீர்ந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாலும், "பர்வாகில்ல, பிடு" என்பார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். பக்கம் கேட்கிற பெண்டாட்டிக்கும் விட்டுவிடு என்கிற புருஷனுக்கும் எப்படிப் பொருந்தியது என்று நான் கேலி செய்வேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு பொருத்தம். ரோஜாப் பண்ணையில் கழித்துப்போடுகிற காம்பு குட்டையான பூவை வழியில் வாங்கி வந்து, கேட்டிலேயே வைத்து அக்காவின் கொண்டையில் அந்தப் பென்சிலுக்குப் பக்கத்தில் செருகுவார். "எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று எங்களுக்கு முன்னாலேயே சீண்டுவார். அக்காவுக்கு முகம் சிவந்துவிடும்.

மாமாவுக்கு இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல். கேட்டில் நின்று இருமினால் எங்கள் ஜன்னல்வரை கேட்கும். ஒரு நாள் அக்கா எழுந்து போய், தொழில்நோய்களுக்கான கலைக்களஞ்சியத்தை எடுத்து வந்தார். கெமிக்கல் டப்பாக் கேள்விகளுக்காக அவரே சண்டை போட்டு வாங்கிய புத்தகம். கல் தூசி நுரையீரலில் படிகிற நோயை எடுத்தார். எந்தெந்த வேலையில் இருப்பவர்களுக்கு வரும் என்று ஒரு பட்டியல். சுரங்கம், குவாரி, சுரங்கப்பாதை தோண்டுவது, மணலடித்துத் துரு எடுப்பது, கிரானைட் அறுப்பது, மெருகேற்றுவது. அக்காவின் விரல் அங்கே நின்றது. அதற்குக் கீழே, குணப்படுத்த மருந்து இல்லை, தூசியைவிட்டு உடனே விலகுவதே வழி என்று போட்டிருந்தது.

அன்று மாலை மாமாவை உள்ளே வரவழைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினார். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"இத்தினி பேரு செய்யறாங்க. எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க," என்றார் மாமா.

"போட்டிருக்குங்க. பாருங்க."

"சரி, பர்வாகில்ல, பிடு. விட்டுடறேன்."

மறுநாளே விட்டுவிட்டார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது அந்த மனிதரிடம். கல்லைத் தவிர வேறு வேலை தெரியாதவர் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். அப்புறம் ஒரு நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு நூலகத்துக்கே வந்தார். ஜூஜுவாடியில் ஒரு பட்டறையில் ஆள் கேட்கிறார்களாம். பெங்களூர் அபார்ட்மென்ட் வீடுகளுக்குச் சமையல் மேடைக்கான பலகை அறுக்கிற வேலை.

"அது கல்லுதானங்க?" என்றார் அக்கா.

"கல்லே இல்ல. ஃபேக்டரில செய்யறது. பொடியையும் பசையையும் கலந்து அச்சுல அடிக்கறாங்க. கலர் கலரா வருது. நெஜக் கல்லு இல்ல அது."

அக்கா மறுபடி அந்தப் புத்தகத்தை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். விரல் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கியது. திரும்ப ஒரு முறை மேலே போய் மெதுவாக இறங்கியது. செயற்கைக் கல் என்றோ, சமையல் மேடை என்றோ ஒரு வார்த்தை இல்லை. நான் போனை எடுத்தேன். "இதுல ஒரு தடவ பாக்கலாமாக்கா?" அக்கா சிரித்தார். "அதுல பாத்தா தலைவலிக்குக்கூட சாவுன்னு வரும் கண்ணு. யாரு எழுதினாங்க, எந்த வருஷம் எழுதினாங்க, ஒண்ணும் தெரியாது. நேத்து சொன்னதை இன்னிக்கு மாத்திட்டு, மாத்தினேன்னுகூட சொல்லாது." பிறகு மாமாவைப் பார்த்தார். முகமெல்லாம் நிம்மதி.

"இதுல இல்லங்க. நீங்க போங்க."

மாமா அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மைசூர் பாகு வாங்கிக் கொடுத்தார்.

சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. ஸ்கூட்டர் முன்பைவிட வெளுத்தது. கல்லைவிட இந்தப் பொடி நைசாக இருக்கிறது, சோப்புக்கே போக மாட்டேன் என்கிறது என்று மாமா சொல்வார். இருமல் நின்றதுபோல் நின்று திரும்ப வந்தது. அப்புறம் ஸ்கூட்டர் ஓட்டுகிறபோதே மூச்சு வாங்கியது. கேட்டிலிருந்து நூலகப் படி ஏறி வர முடியவில்லை. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கல்லாக இறுகிக்கொண்டு வருகிறது என்றார்கள். டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, "பழசுதான் கண்ணு. கிரானைட்ல இருந்தப்ப ஒட்டினது. நல்லவேளை அப்பவே வெளிய எடுத்துட்டோம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கலைக்களஞ்சியத்துக்குப் புதுப் பதிப்பு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மருந்து இல்லை என்ற அந்த வரி பழைய பதிப்பின் வரி. இத்தனை வருடத்தில் எவ்வளவோ கண்டுபிடித்திருப்பார்கள். தேன்கனிக்கோட்டையையே திருத்தினார்களே! இதைத் திருத்தியிருக்க மாட்டார்களா? நூலகக் குழுக் கூட்டத்தில், இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது, இத்தனை தடிப் புத்தகம் எதற்கு என்று இழுத்தடித்தார்கள். அக்கா அங்கேயே எழுந்து நின்று பேசினார். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் பார்சல் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவார். வீட்டில் மாமாவுக்கு ஆக்சிஜன் மிஷின் வைத்தாகிவிட்டது. "புது புக்கு வரட்டுங்க, பாத்துக்கலாம்" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

வந்தது. அட்டைப்பெட்டியைக் கத்தரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் கையால் கிழித்தார். பழையதையும் புதியதையும் மேஜையில் விரித்தார். இடது விரல் பழையதில், வலது விரல் புதியதில். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதலில் நேராக அந்தக் கடைசி வரிக்குப் போனார். குணப்படுத்த மருந்து இல்லை. தூசியைவிட்டு உடனே விலகுவதே வழி. இரண்டிலும் ஒன்றே. அக்கா அழவில்லை. பழக்க தோஷத்தில் மேலே போய், பட்டியலை வரிவரியாக ஒப்பிட ஆரம்பித்தார். முதல் வரியிலேயே வலது விரல் நின்றுவிட்டது.

புதுப் பதிப்பில் பட்டியலின் தலையிலேயே ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சமையல் மேடைகளுக்கான செயற்கைக் கல் பலகைகளை அறுப்பவர்கள், மெருகேற்றுபவர்கள். இயற்கைக் கிரானைட்டைவிட இதன் தூசியில் நுரையீரலை இறுக்கும் சிலிக்கா மூன்று மடங்கு வரை அதிகம், நோய் விரைவாக முற்றும் என்று கீழே விளக்கமும் கொடுத்திருந்தார்கள்.

வெகுநேரம் விரல் அங்கேயே இருந்தது. பிறகு அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான்தான் கண்ணு அனுப்பினேன்."

"அக்கா, அப்ப இதுல இல்லையேக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க? அவனுங்க எழுதாம விட்டதுக்கு..."

"இதுல இல்லன்னா அவங்களுக்கு இன்னும் தெரியலன்னு அர்த்தம். நான் அதை ஆபத்து இல்லன்னு படிச்சிட்டேன். பழைய கல்லு வேலைலயே விட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருப்பாரு."

எனக்கு அந்தப் புத்தகம் இரண்டையும் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து சாவகாசமாக ஒரு வரியைச் சேர்க்கிறான். அந்த ஒரு வரி நாலு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா, பாழாய்ப்போனது! நான் வாய்விட்டு அழுதேன். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முத்திரையை எடுத்தார். வழக்கம்போல பழையதின் முதல் பக்கத்தில் குத்தினார். பிறகு அந்தப் பட்டியல் பக்கத்தைத் திறந்து, அதன்மேலும் ஒரு முறை அழுத்திக் குத்தினார். புதியதற்குச் சிவப்பு ஒட்டு ஒட்டி, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். சிப்காட் பையன்கள் மாலையில் வருவார்களே, அவர்களுக்கு வேண்டும்.

அதன்பிறகு மாமா அதிக நாள் இருக்கவில்லை. அக்காவும் வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். கேட்டவர்களுக்குப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். அவருடைய கேள்வியை மட்டும் நான் யாரிடமும் கேட்பதில்லை. என்னால் முடியாது. அதற்குக் காரணம் அந்தப் புத்தகம் வந்த அன்று மாலை.

அன்று அக்காவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். மாமா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி உட்காரச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"வந்துதா?"

"வந்துச்சுங்க."

"என்ன போட்டிருக்காங்க?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சுமீது கிடந்த போர்வையைச் சரிசெய்தார். சரிசெய்துகொண்டே இருந்தார்.

"சரியாயிடும்னு போட்டிருக்குங்க."

புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா அவர் முகத்தைப் பார்த்தார். உதடு கோணிச் சிரித்தார். கேட்டில் பூ வைக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

அக்காவின் வலது கை விரல் போர்வைமேல் ஒரு வரியைத் தேடுவதுபோல் இறங்கியது. மாமா கையை நீட்டி, அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பர்வாகில்ல, பிடு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "இன்னொரு தடவ சொல்லு."

"சரியாயிடும்னு போட்டிருக்குங்க," என்றார் அக்கா.